மளிகை நோட்டின் கடைசிப் பக்கம்



‘தினமும் நாலு வரி எழுதிப் பழகுங்கள்’ என்று இந்தப் பகுதியில் சொன்னாலும் சொன்னோம், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகியர்தான் அதிகம். ‘நேரம் எங்கே இருக்கு?’ என்று கேட்டவர்களுக்குப் பதில் சுலபம். தண்ணீர் பிடித்து, அவரை மின்சார ரயிலுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனுக்கும் அனுப்பிவிட்டு, ‘அப்பாடா’ என்று உட்காருகிறோமே, அந்தப் பத்து நிமிஷம் போதும். குக்கர் மூணு விசில் கொடுக்கறதுக்குள்ளே நாலு வரி எழுதிடலாம்.

ஆனால், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆவடி வாசகி ஒருவரின் கேள்வி வேறு. ‘எழுதி வெச்சா வீட்ல யாராவது எடுத்துப் படிச்சிடுவாங்களே?’

இதுதான் நிஜமான கேள்வி. நேரமில்லை என்பது பாதி சாக்கு.

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு குடும்பப் பெண். பெண்கள் படிப்பதே தப்பு என்று இருந்த காலம். புத்தகத்திலிருந்து ஒரு ஏட்டை எடுத்து அடுப்பங்கரையில் மறைத்து வைத்து, யாரும் பார்க்காதபோது எழுத்துக் கூட்டிக் கற்றார். பன்னிரண்டு பிள்ளை பெற்றவர்! 1876-ல் அவருடைய வாழ்க்கைக் கதை புத்தகமாகவே வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம துவரங்குறிச்சி சல்மா, ராத்திரியில் குளியலறைக்குள் நின்று கவிதை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். கழிவறைதான் தனியிடம் என்றால், வீடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. டில்லிக்குப் பக்கத்தில் குர்காவ்ன் நகரில் வீட்டு வேலை பார்த்தவர் பேபி ஹால்தார். பன்னிரண்டு வயதில் கல்யாணம், மூன்று குழந்தைகள், கணவரை விட்டு ரயிலேறி வந்தவர். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவர் தயங்கித் தயங்கி நிற்பதைக் கவனித்த வீட்டுக்காரர் பிரபோத் குமார், ஒரு நோட்டும் பேனாவும் வாங்கித் தந்து ‘தினம் எழுதும்மா’ என்றார். அவர் எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். வேலை முடிந்த ராத்திரிகளில் எழுதியதுதான் 2002-ல் புத்தகமாக வந்தது. ஒரு நோட்டு, ஒரு பேனா, ‘எழுது’ என்று ஒரு வார்த்தை. இதைக் கொடுக்க எந்த வீட்டுக்கும் வசதி போதாமல் இல்லையே!

‘எழுதவே வராதுங்க’ என்பவர்களுக்கு: திருவல்லிக்கேணி வை.மு. கோதைநாயகி அம்மாள் முதல் நாடகத்தைத் தோழியிடம் சொல்லித்தான் எழுத வைத்தார். பிறகு தாமே எழுதப் பழகி, நூற்றுக்கும் மேல் நாவல்கள்!

நாம் எல்லோரும் நாவல் எழுத வேண்டாம். சீட்டுப் பணம் எந்தத் தேதியில் யார் கையில் கொடுத்தோம், குழந்தைக்குக் காய்ச்சல் எத்தனை நாளாக, நகை அடகு வைத்தது எப்போது? 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று இப்போது கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அன்றைக்கே தேதி போட்டு எழுதி வைத்தவள் பேச்சுக்குத்தான் மதிப்பு. அதோடு ‘இன்னிக்கு மனசு சரியில்லை’ என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். அதற்குக் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை.

எங்கே எழுதுவது? செல்போனில் வேண்டாம், அதன் பூட்டு வீட்டுக் குட்டிகளுக்கு அத்துப்படி! மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்பக்கமாக எழுதி வாருங்கள். மளிகைக் கணக்கை ஆர்வமாகப் புரட்டும் ஆண்பிள்ளையை நாம் இன்னும் பார்க்கவில்லை.

இது தற்காலிக ஏற்பாடுதான். வீட்டில் மற்றவர் பெயருக்கு வரும் கடிதத்தை நாம் பிரிப்பதில்லை. மருமகளின் நோட்டுக்கும் மகளின் டைரிக்கும் அதே மரியாதை வேண்டும். மகளின் பையைத் துழாவும் அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்!

உங்கள் வீட்டில் உங்கள் நோட்டை யாரும் தொடுவதில்லை என்றால், அந்த வழக்கம் எப்படி வந்தது என்று எழுதுங்கள். தபால் கார்டு போதும். பெயர் வேண்டாமென்றால் ஊர் பெயர் மட்டும் போடுகிறோம்.