கண்ணாடி இழையில் பங்கீட்டு நியாயம்

இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளையும் கண்ணாடி இழையால் இணைப்பதென்று 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய சர்க்கார் தீர்மானித்தனர். பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற அத்திட்டத்தைத் திருத்தி விரிவாக்க, 2023 ஆகஸ்டில் மந்திரிசபையார் 1,39,579 கோடி ரூபாய்க்குச் சம்மதம் அளித்தனர். பஞ்சாயத்து ஒன்றுக்குக் குறைந்தது 100 மெகாபிட் என்பது ஆதியில் கொடுத்த வாக்கு. எத்தனை கிலோமீட்டர் இழை பதித்தோம் என்ற கணக்கு மேடைதோறும் முழங்குகிறது. பதித்த இழையை எவ்விதம் பங்கிடுகிறார்கள் என்று கேட்போர் அரியர். கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

வீட்டுக்கு ஓர் இழை தனியே வருகிறதென்று பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வாறன்று. ஜிபான் எனப்படும் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓரிழை, மின்சாரமே வேண்டாத ஒரு சிறு பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகிறது. அனைவருக்கும் சேர்த்து இறங்குமுகத்தில் நொடிக்கு 2,488 மெகாபிட்; ஏறுமுகத்தில் அதில் பாதியான 1,244 மெகாபிட். 64 பேரும் ஒருங்கே கேட்டால் தலைக்கு முறையே 38-ம் 19-ம்தான் தேறும்.

இறங்குமுகத்தில் சிக்கல் குறைவு. ஏறுமுகத்தில் இருவர் ஒரே சமயத்தில் ஒளி அனுப்பினால் இரண்டும் கலந்து பாழாகும். ஆகவே நொடியை 8,000 கூறுகளாக வகுத்து, இன்னார் இன்ன கணத்தில் பேசலாமென்று நிலையம் உத்தரவிடுகிறது. வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரன் முந்துவான், கடைமடைக்காரன் காய்வான். இங்கே ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் நிலையம் அளந்து ஈடு செய்துவிடுவதால், இருபது கிலோமீட்டர் தள்ளியிருப்பவனுக்கும் குறையில்லை. குறை வேறு வழியாக நுழைகிறது.

எல்லோருக்கும் சமமாக நேரத்தை நிரந்தரமாய் ஒதுக்கிவிட்டால், உறங்குபவன் பங்கு வீணாகும், விழித்திருப்பவன் தவிப்பான். கேட்டவனுக்குக் கேட்டதெல்லாம் கொடுத்தாலோ பேராசைக்காரன் ஒருவனே தெருவையெல்லாம் அடைத்துக்கொள்வான். கிரேமர், முகர்ஜி, பெசவென்டோ என்ற மூவர் 2002-இல் ஈதர்நெட் வகை இழைகளுக்கு வகுத்த முறை இதற்கு ஒரு நல்ல விடை. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தன்னிடம் காத்திருக்கும் சரக்கின் அளவைத் தெரிவிக்கும். நிலையம் ஓர் உச்சவரம்புக்குள் அதைக் கொடுக்கும். பிறர் கேளாதபோது முறை விரைவாகச் சுற்றி வருவதால் கேட்பவனுக்கு மிகுதியும் கிட்டும். எல்லோரும் கேட்கும்போது வரம்பு காக்கும்.

ஜிபானிலும் நிலையான பங்கு, உறுதியான பங்கு, உறுதியில்லாத பங்கு, மிஞ்சினால் கிடைக்கும் பங்கு என்று வகுப்புகள் உண்டு. யாரை எந்த வகுப்பில் வைப்பது, எந்தக் கணக்கில் பகிர்வது என்பதைச் சர்வதேச விதி கட்டாயப்படுத்தவில்லை. அது கருவி செய்வோரிடமும் கம்பெனியாரிடமும் விடப்பட்டது. சந்தாதாரர் கையிலுள்ள தாளிலோ "100 மெகாபிட் வரை" என்றிருக்கிறது. அந்த "வரை" என்ற சொல்லுக்கு அடியில் மேற்படி நான்கு வகுப்புகளும் ஒளிந்துகொள்ளலாம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கேளார் என்று நம்பிக் கொள்ளளவுக்கு மேல் விற்பதை நாம் குற்றமென்று சொல்லவில்லை. எவ்வளவு விற்றார்கள் என்பதை மறைப்பதே குற்றம். உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் பேதம் காட்டலாகாதென்று டிராய் 2016 பிப்ரவரியில் விதித்தது மெச்சத்தக்கதே. ஆனால் ஒரே இழையைப் பகிரும் அண்டை வீட்டாரிடையே உள்ள பங்கை அவ்விதி தொடுவதில்லை. 2 மெகாபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்று 2023 ஜனவரியில் சர்க்கார் கொடுத்த இலக்கணமோ, 64 பேர் ஒருங்கே கேட்டாலும் கிட்டும் பங்கினும் மிகத் தாழ்ந்தது.

புதிய கருவி வந்தால் தீர்ந்துவிடும் என்பர். 2016-இல் வகுத்த எக்ஸ்ஜிஎஸ்-பான் இரு முகத்திலும் சுமார் 10 கிகாபிட் தரும், அதே இழையிலேயே. நன்று, ஆயினும் வகுப்புப் பங்கீடு மறைவாயிருந்தால் பெரிய குளத்திலும் பழைய வழக்கே நடக்கும்.

கிராமத்தான் கேட்டுக்கொண்டிருப்பவன் மட்டுமல்லன். பாடம் நடத்தும் ஆசிரியரும், எக்ஸ்ரே படத்தை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் டாக்டரும், புடவையைப் படமெடுத்து விற்கும் நெசவாளியும் பேசுகிறவர்கள். ஏறுமுகமே அவர்களுக்கு ஜீவன். ஆகையால் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் மூன்று எண்கள் அச்சிடப்பட வேண்டும்: இழையைப் பகிர்வோர் எத்தனை பேர், இறங்குமுக உறுதி எவ்வளவு, ஏறுமுக உறுதி எவ்வளவு. மாலை ஏழு முதல் பத்து மணி வரை அளந்த வேகத்தை மாதந்தோறும் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர நமது ஊழியர்களுக்கு எந்தத் தடையுமில்லை.