செய்தவர் அறியப்படவில்லையாம்!

கிழிந்த சீலையையும் நைந்த சாரத்தையும் துண்டுதுண்டாக வெட்டி, அடுக்கி, கையால் தைத்த விரிப்புக்கு இன்று திடீரென மரியாதை வந்திருக்கிறது. 'வின்டேஜ்' என்ற சொல்லை அதன் தலையில் வைத்து விற்கிறார்கள், வாங்குகிறார்கள், சுவரில் மாட்டுகிறார்கள். ஏழை வீட்டுப் பாயின்மேல் கிடந்த பொருள் மண்டபத்துக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. துணிக்குக் கிடைத்த மரியாதை அதைத் தைத்த கைக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு பண்பாட்டுக் கண்காட்சி நடந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கு முக்கியமில்லை. பழைய பித்தளைச் சாமான்களுக்கும் பன்பாய்களுக்கும் நடுவே ஒரு துண்டுத்துணி விரிப்புத் தொங்கியது. கீழே அட்டை: 'பழங்காலக் கைவேலை. செய்தவர் அறியப்படவில்லை.' அந்த விரிப்பை எனக்குத் தெரியும். தைத்தவர் எங்கள் பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அன்று மாலையே போய்க் கேட்டேன்.

"அது நான் தைச்சதுதான் சேர். வந்தவங்க நல்லாயிருக்கு எண்டு சொல்லி எடுத்துக்கிட்டுப் போனாங்க. பேர் ஒண்டும் கேக்கல்லையே!"

கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். 'அறியப்படவில்லை' என்பதற்கும் 'கேட்கப்படவில்லை' என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை நம் பண்பாட்டுக் காவலர்கள் ஒரு சிறிய அட்டையால் மூடிவிடுகிறார்கள்.

அந்த விரிப்பு எப்படி உண்டானது என்று சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் எழுபத்தைந்தாயிரம் பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். எனக்கு அப்போது பத்து வயதுக்குள். இந்த மாமியும் அப்படி வந்தவர்தான். கிடுகுக் கொட்டிலுக்குள் குளிர்ந்த மணலில் பிள்ளைகளைக் கிடத்த முடியவில்லை. கோதுமை மா வந்த துணிப்பை அடியில். அதன்மேல் மூத்த மகனின் பள்ளிச் சட்டை. கட்டிவந்த சீலையின் கிழிந்த முந்தானை. நிவாரணத்தில் வந்த, யாருக்கும் அளவில்லாத ஒரு கவுண். வாப்பாவின் சாரத்தில் நையாத பகுதி. எந்தத் துண்டு எங்கிருந்து வந்ததென்று இன்றும் விரல்வைத்துச் சொல்லுவார். நம்மில் எத்தனை பேரால் நாம் எழுதிய கவிதையின் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்ததென்று அப்படிச் சொல்ல முடியும்?

இதைப் 'பழங்காலம்' என்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் பழங்காலமா? அந்த விரிப்பில் படுத்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். 2009க்குப் பிறகு சிலர் ஊர் திரும்பினார்கள், பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு பொருளைப் பழங்காலம் ஆக்கிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள கேள்விகளும் பழங்காலமாகிவிடும் என்பது வசதியான ஏற்பாடு. செய்தவருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இந்த நோய் எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. வங்காளத்தில் 'காந்தா' என்பார்கள். பழைய சேலைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் பூவும் மீனும் தைப்பார்கள். இன்று உலகச் சந்தையில் 'வின்டேஜ் காந்தா' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதியில் பழையது சேலை மட்டுமே. தையல் புதியது. கூலிக்குத் தைத்த பெண் இன்றும் உயிரோடு இருப்பவள். துணியின் வயதைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். தைத்தவளின் வயதையும் பெயரையும் ஊரையும் சொல்வதில்லை.

பெண்கள்தான் பெயர் வைக்க விரும்பவில்லை என்று யாராவது சொன்னால் அவர்களைக் கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகச் சேகரிப்பின் பக்கம் திருப்பிவிடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனுக்காகத் தைத்த காந்தா அங்கு உண்டு. தன் பெயரை நூலாலேயே அதில் தைத்து வைத்தாள். அதனால்தான் அவளை நாம் அறிகிறோம். 1929இல் கவிஞர் ஜசீமுத்தீன் 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைக்கவிதையை எழுதியபோது, ஒரு கிராமத்து முஸ்லிம் பெண் தன் துயரத்தைத் தைக்கும் காந்தாவைத்தான் அதன் நடுவில் வைத்தார். நாம் 1990ஐப் பற்றி எழுதியவற்றில் வள்ளம் உண்டு, கடல் உண்டு, கண்ணீர் நிறைய உண்டு. நான் வாசித்தவரை ஊசி இல்லை.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பென்ட் என்ற ஊர் உண்டு. அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் இடம். வேலைக்குப் போட்டுத் தேய்ந்த காற்சட்டைத் துணியில் அங்குள்ள பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹியூஸ்டன் அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயோர்க்கின் விட்னியிலும் தொங்கின. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் வந்தன. கவனியுங்கள், அங்கே பெயர் இருந்தது: லொரெட்டா பெட்வே, மேரி லீ பென்டொல்ஃப், அனி மே யங். பெயர் இருந்ததால்தான் 2007இல் அவர்களில் சிலர், தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று நீதிமன்றம் போக முடிந்தது. அடுத்த வருடம் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. பெயர் என்பது அலங்காரமல்ல. உரிமை கேட்க நிற்கும் இடம் அது. 'அறியப்படாதவர்' எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவார்?

இன்னும் கிட்டத்தில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆபிரிக்க வம்சாவளியான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என மூன்று சமயத்தாரும் அவர்களில் உண்டு. அவர்களின் பெண்கள் 'கவந்தி' தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும் தையல். நாலு மூலையிலும் மடித்த சிறு துணியைப் பூவாக வைக்காமல் வேலை முடிந்ததாகாது. எங்கள் புத்தளம் சிராம்பியடியிலும் ஆபிரிக்க வம்சாவளியினர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி கமரா வரும், மஞ்ஞா பாட்டையும் ஆட்டத்தையும் படம்பிடிக்கும், போய்விடும். பாடியவர் பெயர் எத்தனை படத்தின் கீழ் இருக்கிறது?

எனக்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது: "இது தனியொருவர் படைப்பல்ல, சமூகத்தின் கூட்டுக் கலை." நல்லது. நம் மொழியும் கூட்டுச் சொத்துத்தான். ஆனால் நான்கு வரிக் கவிதைக்குக்கூட நாம் பெயர், ஊர், சில வேளை பட்டமும் போடுகிறோம். பேனாவுக்கு ஒரு சட்டம், ஊசிக்கு ஒரு சட்டமா?

இரண்டாவது: "நம் பெண்கள் பெயரைப் பகிரங்கப்படுத்த விரும்பமாட்டார்கள்." இருக்கலாம். விரும்பாதவர் பெயரை நான் எழுதச் சொல்லவில்லை. அவரிடம் கேளுங்கள். மறுத்தால் 'பெயர் சொல்ல விரும்பவில்லை' என்று எழுதுங்கள். அது அவர் எடுத்த முடிவு. 'அறியப்படவில்லை' என்பது நாம் அவர்மேல் போட்ட மண். நான் எழுதும் இந்தக் கட்டுரையில் மாமியின் பெயர் இல்லாததும் அவர் சொன்னபடிதான். பெயர் வேண்டாம் என்றவர், கூடவே இன்னொன்றும் சொன்னார்: "அந்த விரிப்பு எனக்குத் திரும்ப வேணும் சேர்." அதை நான் எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

செய்யக்கூடியது பெரிதல்ல. வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துணித் துண்டைத் தைத்து, தைத்தவர் சம்மதித்தால் அவர் பெயர், ஊர், வருடம், துண்டுகள் வந்த வழி ஆகியவற்றை எழுதுங்கள். எங்கள் கரையின் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் துணி சீக்கிரம் இற்றுவிடும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைக்காதீர்கள். கண்காட்சிக்குக் கேட்டால் இரவலாகக் கொடுங்கள், எழுத்தில் ரசீது வாங்குங்கள். ஆசிரிய நண்பர்கள், பிள்ளைகளிடம் 'எனது கிராமம்' கட்டுரை கேட்பதை ஒரு தவணை நிறுத்தி, வீட்டிலுள்ள ஒரு விரிப்பின் கதையை உம்மும்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கண்காட்சி நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டையில் மையைச் செலவழிக்குமுன் படலையைத் தட்டுங்கள். கதவைத் திறப்பவர்தான் நீங்கள் 'அறியாதவர்'.