படிப்பதற்குச் சந்தா எதற்கு?

வெளிமாநிலங்களில் பிழைப்பு நடத்தும் நம்மவர்களுக்கு இன்று முக்கியமான காகிதங்கள் எல்லாம் செல்போனில்தான் வந்து சேருகின்றன. சம்பளச் சீட்டு, ரயில் டிக்கெட், ஆதார் நகல், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வருமான வரிக்கான படிவம் 16 ஆகிய யாவும் பி.டி.எஃப். வடிவில் வருகின்றன. அவற்றைத் திறந்து பார்க்க ஒரு செயலி தேவை. வலை விரிக்கப்படுவது அந்த இடத்தில்தான்.

இலவசம் என்று போட்டிருக்கிறதே என நம்பி ஒரு செயலியை இறக்கிக்கொண்டால், முதலில் கண்ணில் படுவது சம்பளச் சீட்டு அல்ல. சந்தா கட்டச் சொல்லும் முழுப்பக்க அறிவிப்புதான். '7 நாள் இலவசம்' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும்; எட்டாம் நாள் முதல் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். அறிவிப்பை மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் மங்கலாக ஒளிந்திருக்கும். எல்லாம் ஆங்கிலம். அவசரத்தில் இருக்கும் தொழிலாளி, பணம் கட்டினால்தான் காகிதம் திறக்கும் என்று எண்ணி விரலை வைத்துவிடுகிறார். மாதாமாதம் ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தில் ஒரு பகுதி இப்படிக் கரைகிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பி.டி.எஃப். காகிதத்தைப் படிப்பதற்கு யாருக்கும் ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை. 1993-ல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இந்த வடிவம், 2008-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அதைத் திறக்கும் மென்பொருளை இன்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பலர் எழுதி இலவசமாகவும் தந்திருக்கிறார்கள்.

இதற்காகத் தேடி அலையவும் வேண்டாம். கம்ப்யூட்டரில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் அதுவே போதும். படிக்கலாம், படிவங்களைப் பூர்த்தி செய்யலாம், அச்சிடலாம். நீண்ட ஆவணத்தில் இரண்டு பக்கம் மட்டும் தனியே வேண்டுமென்றால், அச்சிடும் கட்டளையில் அந்தப் பக்க எண்களைக் குறித்து, பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளலாம். தனி மென்பொருள்தான் வேண்டுமென்பவர்களுக்கு விண்டோஸில் சுமத்ரா பி.டி.எஃப்., லினக்ஸில் ஒகுலர் ஆகியவை உள்ளன. இரண்டும் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டவை. படிக்கச் சந்தா கேட்பதில்லை. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவும், ஐபோனில் அதனுடனேயே வரும் ஃபைல்ஸ் செயலியும் இந்த வேலையைச் செய்துவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. காகிதம் ரகசியச் சொல் கேட்டால், பூட்டைத் திறக்கப் பணம் கட்டவேண்டும் போலும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்தது காகிதத்தை அனுப்பியவர். அதைச் சொல்லவேண்டியவரும் அவரே. மின்-ஆதாருக்குப் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே ரகசியச் சொல். 'பூட்டைத் திறந்து தருகிறோம்' என்று அழைக்கும் முன்பின் தெரியாத இணையதளத்தில் ஆதாரை ஏற்றுவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்குச் சமம்.

ஏற்கெனவே சந்தாவில் சிக்கியவர்கள் செயலியை நீக்கிவிட்டால் விட்டது தொல்லை என்று இருந்துவிடக் கூடாது. செயலி போனாலும் சந்தா போகாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்யவேண்டும், யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதியையும் பார்த்துவிடுவது நல்லது. இப்படித் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களும் பிழைக்கவேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காகிதத்தைத் திருத்த, பிரிக்க, ஒட்ட வசதி செய்து தருகிறவர் கூலி கேட்பதில் தவறில்லை. ஆனால் விலையை வாசலிலேயே எழுதி வைக்கவேண்டும். உள்ளே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது வியாபாரம் ஆகாது.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டன. சந்தாப் பொறி, ஓயாத நச்சரிப்பு இரண்டும் அதில் உண்டு. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். புகார் வராதவரை விதி ஏட்டில்தான் கிடக்கும்.

காகிதத்தை அனுப்பும் அலுவலகங்களுக்கும் பொறுப்பு உண்டு. 'இதைப் படிக்கக் கட்டணம் இல்லை. இன்ன மென்பொருளில் திறக்கலாம்' என்று ஒரு வரி, தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் சேர்த்து அனுப்புவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதுவரை, ஒவ்வோர் அலுவலகத்திலும் விவரம் தெரிந்த நமது குமாஸ்தாக்கள், பக்கத்தில் இருப்பவரின் போனை ஐந்து நிமிடம் வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் அது பெரிய உதவி. உழைத்துச் சம்பாதித்தவன் தன் சம்பளச் சீட்டைப் பார்ப்பதற்கே வாடகை கொடுக்கும் நிலை நீடிக்கக் கூடாது.