எழுதிக் கொடுக்க ஒரு தாள்



நம்ம நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசும் இருவரில் ஒருவர் இந்தியராகவும், மற்றவர் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பேசுவது ஒரே தமிழ்தான்! 1962 ஆகஸ்ட் 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எழுதிக் கொடுக்கவில்லை. இந்தியரானார். அவர் பேரப்பிள்ளைகளின் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த ஆள் நான்.

என் அப்பா பெயிண்டர். அவரோடு வேலை செய்யும் ஒரு மாமா, கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். "தம்பி, டிப்ளமோ முடிச்சா சிங்கப்பூர் போவியா?" என்று ஒருநாள் கேட்டார். "முதல்ல பாஸ்போர்ட் எடுக்கணும் மாமா" என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். அவர் மகனுக்கும் என் வயசு. முகாமிலேயே பிறந்தவன், இலங்கையைப் பார்த்ததே இல்லை. ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். அதுதான் சட்டம்.

2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. அதில் முஸ்லிம்கள் இல்லை. இலங்கை என்ற பெயரே இல்லை. 2020 பிப்ரவரி 12-இல் புதுவை சட்டமன்றம் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நாடாளுமன்றச் சட்டத்தை இங்கே விவாதிக்கவே கூடாது என்று அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி கடிதம் எழுதினார். 2021 செப்டம்பர் 8-இல் தமிழகமும் தீர்மானம் போட்டது. ஆனாலும் 2024 மார்ச் 11-இல் மத்திய அரசு விதிகளை அறிவித்துவிட்டது.

குடியுரிமை மத்திய அரசின் பட்டியலில் உள்ள அதிகாரம். அதை நான் மறுக்கவில்லை. மாநிலத்துக்கு ஒரு குடியுரிமை என்றால் நாடு தாங்காது. ஆனால் முகாமுக்கு அரிசி கொடுப்பதும், வீடு கட்டித் தருவதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் மாநிலம்தானே? கூடவே இருந்து பார்ப்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? தீர்மானம் என்பது கலகம் இல்லை நண்பர்களே, அது ஒரு மனு! மனுவை ஏற்பதும் மறுப்பதும் டெல்லியின் உரிமை. எழுதவே கூடாது என்பது உரிமை ஆகாது.

என் கொள்ளுத்தாத்தாவிடம் அன்று ஒரு கேள்வி கேட்டார்கள். மாமாவின் மகனிடம் இன்றுவரை யாரும் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன். எழுதிக் கொடுக்க ஒரு தாள்தான் இல்லை.

சிந்திப்போமா, தோழர்களே?