மன்னிப்போடு முடிந்துவிடுமா?

ஊரில் வன்கொடுமை நடந்துவிட்டால் சமாதானக் கூட்டம் போடுகிறார்கள். இரு தரப்பையும் உட்காரவைத்து, நடந்ததை மறந்துவிடுங்கள் என்கிறார்கள். மறக்கும் பொறுப்பு மட்டும் அடிபட்டவர் தலையிலேயே விழுகிறது. மன்னிப்பையும் நீதியையும் பிரித்துப் பார்க்க மறுத்த ஒருவரை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் அமெரிக்கக் கறுப்பினப் போதகரும் எழுத்தாளருமான ஜான் பெர்கின்ஸ்.

1930-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே சத்துக்குறைவு நோயால் தாய் இறந்தார். வாரத்துக்குப் பயிர் செய்து பிழைத்த பாட்டி வீட்டில் வளர்ந்தார். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. சிறுவனாக ஒரு நாள் முழுக்க வைக்கோல் சுமந்ததற்கு வெள்ளைக்கார நிலக்காரர் கொடுத்த கூலி 15 சென்ட். மறுத்தால் திமிர் என்பார்கள், வாங்கினால் அவமானம். நிலமும் வண்டியும் யாரிடம் இருக்கிறதோ அவரே கூலியை முடிவு செய்கிறார் என்பதை அன்று கற்றுக்கொண்டார்.

அண்ணன் கிளைடு இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றுத் திரும்பியவர். 1946-ல் திரையரங்க வாசலில் அவரைக் காவல் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு பெர்கின்ஸ் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே வேலையும் குடும்பமும் அமைந்தன. மகன் ஸ்பென்சர் வழியாக கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தார். 1960-ல் அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, மனைவி வேரா மேயுடன் மிசிசிப்பிக்கே திரும்பி மெண்டன்ஹாலில் குடியேறினார்.

அங்கே வேதபாடம் சொல்லிக்கொடுத்த கையோடு வாக்காளர் பதிவிலும் இறங்கினார். வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளியில் மகனைச் சேர்த்தார். 1969 இறுதியில் வெள்ளையர் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தை நடத்தினார். 1970 பிப்ரவரியில், கைதான மாணவர்களுக்காக பிராண்டன் சிறைக்குச் சென்றவரைக் காவலர்கள் குற்றுயிராக அடித்தார்கள்.

அடித்தவர்களை அவர் மன்னித்தார். ஆனால், போராட்டத்தைக் கைவிடவில்லை. மருத்துவ மையம், வீட்டுவசதி, கூட்டுறவு, பிள்ளைகளுக்குக் கல்வி என மக்களோடு சேர்ந்து கட்டி எழுப்பினார். 1976-ல் வெளிவந்த 'லெட் ஜஸ்டிஸ் ரோல் டவுன்' என்ற தன்வரலாறு இவற்றையெல்லாம் சொல்கிறது. ஏழைகள் நடுவே குடியேறுவது, ஒப்புரவு, வளங்களின் மறுபகிர்வு ஆகிய மூன்றையும் அவர் சேர்த்தே வலியுறுத்தினார். அவரைப் புகழ்வோர் பலர் ஒப்புரவை எடுத்துக்கொண்டு மறுபகிர்வை நழுவவிடுகிறார்கள். 15 சென்ட் வாங்கிய சிறுவனுக்கு அது அரைகுறை நீதிதான்.

இங்கும் அதே கதைதான். ஞாயிறுதோறும் சகோதர அன்பைப் பேசிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரைக் காக்கும் சபைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. சுவரை இடிக்காமல் ஒப்புரவைப் பேசுவதில் பொருளில்லை.

மன்னிப்பதும் மன்னிக்காததும் பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதை அதிகாரியோ ஊர்ப் பெரியவரோ கேட்டு வாங்க முடியாது. அடுத்த சமாதானக் கூட்டத்துக்கு நம்மை அழைத்தால் முதலில் நாம் கேட்போம்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானதா? நிவாரணம் கைக்கு வந்ததா? பொதுப்பாதை திறந்ததா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு சமாதானம் பேசலாம்.