விலையும் உடைமையும்

விற்றல், வாடகைக்கு விடுதல், இரவல் கொடுத்தல் என்னும் மூன்றும் தமிழில் வெவ்வேறு பொருளுடைய சொற்கள். விற்றவனுக்கு விற்ற பொருளின்மேல் உரிமையில்லை. வாடகைப் பொருள் தவணை முடியத் திரும்பும். இரவற் பொருள் கேட்டவுடன் திரும்பும். இவ் வேறுபாட்டைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும் இக்காலத்து வீடியோ விளையாட்டு வணிகத்தில் இச்சொற்கள் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன. அம்மயக்கத்தினால் இழப்பவர் யாவர் என்பதை இவ் விழா மலரின் வாசகர் முன் ஆராய விழைகின்றோம்.

‘விளையாட்டுச் செய்திக்கு விழா மலரில் இடமா?’ என மூத்த பழைய மாணவர் சிலர் வினவலாம். இன்று கல்லூரியிற் பயில்வோருள் கைத்தொலைபேசியிலேனும் கணினியிலேனும் விளையாடாதார் மிகச் சிலரே. கொப்பிகளைத் திருத்தி முடித்தபின் ஒரு மணி நேரம் விளையாடுதல் எமக்கும் வழக்கம். அன்றியும், விளையாட்டிற்கு நேர்வது நூலுக்கும் நேரும். ஏற்கெனவே நேர்ந்தும் உள்ளது. 2009ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமேசன் நிறுவனம், தான் விற்ற ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களின் மின்பதிப்புக்களை, பதிப்புரிமைச் சிக்கலைக் காட்டி, வாங்கியோரின் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே நீக்கிவிட்டது. பணம் மீளக் கொடுக்கப்பட்டது. பின்னர் வருத்தமுந் தெரிவிக்கப்பட்டது. எனினும், விற்ற நூலை வாசகனின் வீட்டினுட் புகுந்து எடுத்துச் செல்லும் புத்தகக் கடைக்காரனை நம் முன்னோர் கேள்விப்பட்டதுமில்லை.

முன்னாளில் விளையாட்டொன்று சிறு பேழையிலோ இறுவட்டிலோ பதியப்பெற்றுக் கடைக்கு வந்தது. வாங்கியவன் அதனை விளையாடினான். நண்பனுக்கு இரவல் கொடுத்தான். சலித்தபின் விற்றான், அன்றேல் தம்பிக்கு விட்டுச் சென்றான். ஆக்கிய நிறுவனம் அழிந்த பின்னரும் அவ்விறுவட்டு இயங்கிற்று. இன்றோ பெரும்பாலான விளையாட்டுக்கள் இணையக் கடையிலிருந்து பதிவிறக்கம் செய்யப்படுகின்றன. பணஞ் செலுத்தும் இடத்தில் ‘வாங்கு’ என்றே பெரிதாக எழுதப்பட்டிருக்கும். எவரும் முற்றப் படியாத நீண்ட ஒப்பந்தத்திலோ, கொடுக்கப்படுவது பயன்படுத்தும் உரிமம் மாத்திரமே என்றிருக்கும். வாயிலில் ஒரு சொல், உள்ளே வேறொரு சொல்!

இதன் விளைவிற்கு யூபிசொப்ட் நிறுவனத்தின் ‘த குறூ’ என்னும் காரோட்ட விளையாட்டே போதிய சான்று. 2014 டிசெம்பரில் வெளிவந்த அவ் விளையாட்டின் சேவைக் கணினிகள் 2024 மார்ச் 31ஆந் திகதி நிறுத்தப்பட்டன. தனியே ஒருவர் விளையாடுவதற்கும் அக்கணினிகளின் தொடர்பு வேண்டியிருந்தமையால், அன்றே விளையாட்டு இயங்காது நின்றது. முழுவிலை கொடுத்து இறுவட்டாக வாங்கியவர் கையிலும் வெறும் வட்டே எஞ்சியது. ஆதலின் இறுவட்டு இருத்தல் மாத்திரம் போதாது. விளையாட்டு முழுமையாக அதனுள் இருத்தலும் வேண்டும் என்பது தெளிவாகின்றது.

2025 யூனில் வெளிவந்த நின்ரென்டோ சுவிச் 2 கருவிக்குரிய சில விளையாட்டுக்கள் இதற்கு மற்றொரு சான்று. கடையில் ஓர் அட்டை கிடைக்கும்; ஆனால் அதனுள் விளையாட்டு இல்லை. இணையத்திலிருந்து பதிவிறக்குவதற்குரிய திறவுகோல் மட்டுமே உண்டு. அவ்வட்டையை மற்றொருவருக்கு விற்கவோ இரவல் கொடுக்கவோ இயலும் என்பது நன்றே. ஆனால் பதிவிறக்கும் வாயில் அடைபடும் நாளில் அத் திறவுகோல் எப் பூட்டைத் திறக்கும்?

நிறுவனத்தார் பக்கத்திலும் நியாயம் உண்டு. இறுவட்டு அச்சிடவும் ஏற்றியனுப்பவும் பணமில்லாத சிறு படைப்பாளிகள் பலர் இணையக் கடையினாலேயே உலகறியப்பெற்றனர். சேவைக் கணினிகளை என்றென்றும் இயக்குக எனக் கேட்டலும் முறையன்று. நாம் கேட்பது அதுவன்று. சேவையை நிறுத்தும் நாளில், வாங்கியவர் தம் கருவியில் தாமே இயக்கத்தக்க வடிவில் விளையாட்டை விட்டுச் செல்லுக என்பதே நம் வேண்டுகோள்.

‘இறுவட்டும் அழியும் பொருளன்றோ?’ என்பார்க்கும் விடையுண்டு. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது; கடலிலும் நெருப்பிலும் சுவடிகள் அழிந்தன. எனினும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தமை எதனால்? ஏடுகள் ஒருவர் பூட்டினுள் இல்லாது பலர் வீடுகளிலும் மடங்களிலும் இருந்தமையாலன்றோ? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாதனவே மீளாதொழிந்தன. பிறர் கையிற் படியிருந்தவற்றை மீளப் பெற வழியிருந்தது. காப்பது ஓலையுமன்று, வட்டுமன்று. பலர் கையில் இருத்தலே காக்கும். ஒரே நிறுவனத்தின் கணினியில் மட்டும் வாழும் படைப்பிற்கு இக் காவல் இல்லை.

இஃது வீண் அச்சமன்று. ஐக்கிய அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று, வீடியோ விளையாட்டு வரலாற்றைப் பேணும் அந்நாட்டு அமைப்பொன்று 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. பழைய விளையாட்டுக்களை நூலகங்கள் தொலைவிலுள்ள ஆய்வாளருக்கு இணையவழி வழங்கச் சலுகை கேட்டபோது, 2024 ஒக்ரோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதனை மறுத்தது. விற்கவும் மாட்டார், பிறர் காக்கவும் விடார் என்னும் நிலை கலைக்கு நன்மை பயக்குமோ?

வாங்குவோர் குரலுக்குப் பயன் இல்லாமலும் இல்லை. 2013இல் மைக்ரோசொப்ட் நிறுவனம், தன் எக்ஸ்பொக்ஸ் வன் கருவியில் இறுவட்டுக்களை இரவல் கொடுத்தலுக்கும் மறுவிற்பனைக்கும் கட்டுப்பாடுகளை அறிவித்தது. விளையாடுவோர் எதிர்த்தனர். அவ்வாண்டு யூன் 19ஆந் திகதியே நிறுவனம் அவற்றைக் கைவிட்டது. கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டம், உரிமம் மாத்திரம் கொடுப்பவர் அதனைத் தெளிவாகச் சொல்லாது ‘வாங்கு’ என்னும் சொல்லை இடுதலைத் தடுக்கின்றது. ‘த குறூ’ நிறுத்தப்பட்டபின் 2024இல் தோன்றிய, விளையாட்டுக்களைக் கொல்வதை நிறுத்துக என்னும் இயக்கத்தின் கோரிக்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

ஒரு சொல்லுக்கு அதன் பொருளை மீட்டுக் கொடுத்த அக் கலிபோர்னியச் சட்டத்தைக் காண்கையில் தமிழாசிரியராகிய எமக்கு உவகை மிகுகின்றது. சொல்லும் பொருளும் பிரியலாகாது என்று வகுப்பறையில் நாள்தோறும் கற்பிப்பதனையன்றோ அங்கே சட்டமும் கூறுகின்றது!

மாணவச் செல்வர்களே, உங்கள் பெற்றோர் உழைத்த பணத்திற் கொள்ளும் எதனையும், அது விளையாட்டாயினும் பாடலாயினும் நூலாயினும், ‘இது எனதா? எத்துணைக் காலம் எனது?’ என்று வினவிய பின்னரே கொள்ளுங்கள். கணினித் தொழிலிற் சிறந்து விளங்கும் பழைய மாணவர்களே, நீங்கள் ஆக்கும் பொருள் நீங்கள் விலகிய பின்னரும் வாங்கியவர் கையில் இயங்குமாறு ஆக்குங்கள். விலை கொடுத்தவனுக்குப் பொருள். பொருள் கொடாதவனுக்கு விற்பனை என்னும் சொல் இல்லை. இதுவே நேரிய வணிகம் என்பது எமது துணிபு.