நோட்டீஸ் மட்டும் வெள்ளத்தைத் தடுக்குமா?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பேச்சு. சென்னை வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. இதை அறியப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. குடிசையின் கூரைக்குக் கீற்று மாற்றும் கூலிக்காரனுக்கு இது தெரியும். வரப்பு வெட்டும் விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும். தெரியாதவர்கள் போல நடந்து கொள்கிறவர்கள் ஒரே ஒரு கூட்டத்தார்தான். அவர்கள் ஓட்டு வாங்கி மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் நமது பிரதிநிதிகளும், அவர்களுக்கு மேலே இருக்கும் சர்க்காரும்!

முதல் மழை கொட்டி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற பிறகு மாங்காட்டிலும், பூந்தமல்லியிலும், ஆவடியிலும், அம்பத்தூரிலும் நோட்டீஸ் வருகிறது. வார்டு பிரதிநிதியின் சிரித்த முகம் மேலே. கீழே ஜனங்களுக்கு எச்சரிக்கை. மின்கம்பத்தைத் தொடாதீர், தேங்கிய நீரில் நடக்காதீர், குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், தாழ்வான இடத்தில் இருப்போர் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள், தேவையின்றி வெளியே வராதீர்.

இவற்றில் ஒரு வரியும் பொய்யில்லை. நாமும் அதையே சொல்கிறோம். அறுந்து விழுந்த கம்பியின் பக்கம் போகாதீர்கள். மின்கம்பத்தின் இழுகம்பியில் மாட்டைக் கட்டாதீர்கள், துணி காயப் போடாதீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் மெயினை அணையுங்கள். ஈரக் கையோடு அதன் அருகே போகாதீர்கள். வெள்ளம் நின்ற தெருவில் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் உள்ளவர் அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள். வடிகாலில் குப்பையைக் கொட்டாதீர்கள். அது நம் வாசலையே அடைக்கும்.

நோட்டீஸின் குறை அதில் எழுதியிருப்பதில் இல்லை; எழுதாமல் விட்டதில் இருக்கிறது. ஜனங்கள் செய்ய வேண்டியவை பத்து இருக்கின்றன. நகராட்சி செய்ய வேண்டியது ஒன்றுகூட இல்லை! எந்த வாய்க்கால் எந்தத் தேதியில் தூர் வாரப்பட்டது? எந்த மின்பெட்டி தரையோடு தரையாக மூடியில்லாமல் கிடக்கிறது? தாழ்வான இடத்தை விட்டுப் போ என்கிறீர்களே, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது? அங்கே கக்கூஸ் உண்டா, பால் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

சாவுக்குக் காரணம் ஜாக்கிரதைக் குறைவா?

தேங்கிய நீரில் நடக்காதே என்ற புத்திமதியின் உண்மையான பொருளைப் பார்ப்போம். 2017 நவம்பர் 1-ஆம் தேதி வடசென்னைக் கொடுங்கையூரில் இரண்டு சிறுமிகள் மழைநீரில் கால் வைத்தார்கள். மின்கசிவு தாக்கி இருவரும் மாண்டார்கள். 2022 அக்டோபரில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து சென்னையில் ஓர் இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் விடிவதற்குள் வேலைக்குப் புறப்பட்ட தூய்மைப் பணியாளரான ஒரு பெண், தேங்கிய நீரில் பாய்ந்த மின்சாரத்துக்குப் பலியானார்.

அந்தக் குழந்தைகள் நோட்டீஸ் படிக்காததால் செத்தார்களா? ஊரின் குப்பையை வாரப் போன அந்தத் தாய் தண்ணீரில் நடக்காமல் பறந்தா போயிருக்க முடியும்? தெருவில் மின்சாரம் கசிந்ததும், பள்ளம் திறந்து கிடந்ததும்தான் குற்றம். அந்தக் குற்றத்தைச் செத்தவர் தலையில் கட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பு அறிவிப்பா?

இயற்கையின் மீது பழி

நோட்டீஸ் பலிக்காத போது அடுத்த வார்த்தை வருகிறது: "எல்லாம் இயற்கையின் சீற்றம்!"

மாங்காட்டுக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. கிழக்கே போரூர் ஏரி. நடுவே நாம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டது. குன்றத்தூர், அனகாபுத்தூர், மணப்பாக்கம் என்று அடையாற்றின் கரையெங்கும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. மழை இயற்கைதான், சந்தேகமில்லை. ஆனால் மதகைத் திறந்தது மனிதர் கை. எப்போது, எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்தவர்கள் அதிகாரிகள். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே நீர் திறப்பில் நேர்ந்த நிர்வாகக் குறையைச் சுட்டிக் காட்டியது. கம்யூனிஸ்டுகள் எழுதிய துண்டறிக்கை அல்ல அது. சர்க்காரின் கணக்கைப் பார்க்கும் அரசியல் சட்ட அமைப்பு எழுதியது!

நம் ஊருக்கு அருகிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 2014 ஜூன் 28-ஆம் தேதி மழை மாலையில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்களே அதில் பெரும்பாலோர். அன்றைக்கும் கட்டியவர் தரப்பில் என்ன சொன்னார்கள்? இடி விழுந்ததாம்! ஆனால் விசாரணையில் வெளிவந்தது கட்டுமானத்தின் குறைபாடு. பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. மேகத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது என்ற தைரியத்தில்தான் முதலாளி மேகத்தின் மீது பழி போடுகிறான்.

ஆக்கிரமித்தவன் யார்?

அடுத்த குற்றச்சாட்டு நேராக ஏழையின் மேல் பாய்கிறது. ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் குடிசை போட்டவர்களால்தான் வெள்ளம் என்கிறார்கள். 2015-க்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டு, பெரும்பாக்கம் போன்ற இடங்களில் குவிக்கப்பட்டன. பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்பு வெள்ளத்தில் கொண்டு போய் வைத்தார்கள். வேலைத்தலமும் போயிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போயிற்று.

அதே அடையாற்றின் குறுக்கே விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை பாலம் போட்டு நிற்கிறது. 2015 டிசம்பரில் அந்த விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பில் மாநகரின் குப்பையைக் கொட்டியவர்கள் யார்? ஏரிப் புறம்போக்கைச் சுற்றி மனை பிரித்து, "நகர்" என்று பெயர் சூட்டி, தவணையில் விற்றவர்கள் யார்? அதற்கு அனுமதி முத்திரை குத்தியவர் யார், மின் இணைப்புக் கொடுத்தவர் யார், பத்திரம் பதிந்தவர் யார்? வாயையும் வயிற்றையும் கட்டிச் சேர்த்த காசில் ஒரு கிரவுண்டோ அரை கிரவுண்டோ வாங்கிய தொழிலாளி ஏமாந்தவன். அவனிடம் வரி வாங்கிக்கொண்டு, தண்ணீர் வந்ததும் "நீ ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்பது எந்த நியாயம்?

வீட்டிலிருந்து வேலையாம்!

2024 அக்டோபர் நடுவில் சென்னை வட்டாரத்துக்கு மழை எச்சரிக்கை வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தம் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லுமாறு சர்க்கார் கேட்டுக் கொண்டது. வேளச்சேரியில் கார் வைத்திருந்தவர்கள் மேம்பாலத்தின் மீது வரிசையாகக் காரை நிறுத்தினார்கள். அவர்கள் மேல் நமக்குப் பகையில்லை. 2023-இல் கார்கள் மிதந்ததைப் பார்த்த பயம் அது.

ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் பிடிக்கிறவன் லேத்தை வீட்டுக்குத் தூக்கி வர முடியுமா? ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ் ஏறும் கான்ட்ராக்ட் தொழிலாளி போகாவிட்டால் அன்றைய கூலி உண்டா? சித்தாள் கலவைச் சட்டியை வீட்டுக்குள் வைத்து வேலை செய்வாளா? "தேவையின்றி வெளியே வராதீர்" என்ற வாக்கியத்தை எழுதியவருக்கு ஒரு சங்கதி தெரியாது: அன்றாடம் காய்ச்சிக்கு வெளியே வருவதுதான் தேவை. அடுப்பு எரிய வேண்டுமானால் அவன் அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். சிவப்பு எச்சரிக்கை விடுகிற நாளில் கூலிக்கு உத்தரவாதம் இல்லையென்றால், அந்த எச்சரிக்கை மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமே உரியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போது அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே வெள்ளம் புகுந்தது. இயந்திரம் நனைந்த சேதத்தைப் பற்றிப் பட்டறை முதலாளிகள் மனுக் கொடுத்தார்கள். நியாயந்தான். வேலையில்லாமல் நின்ற நாட்களின் கூலியைப் பற்றி யார் மனுக் கொடுத்தார்கள்?

நகரத்துக்கு ஒரு விலை, கிராமத்துக்கு ஒரு விலை

மிக்ஜாமுக்குப் பிறகு சென்னையிலும் சுற்றுப்புற வட்டங்களிலும் குடும்பத்துக்கு ரூ. 6,000 நிவாரணம் ரேஷன் கடை வழியே தரப்பட்டது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் மூழ்கின. அங்கே குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்டது ரூ. 2,000! கிராமத்துத் தொழிலாளியின் பானையும் பாயும் மூன்றில் ஒரு பங்கு விலையா? பயிர் அழிந்தால் நிலத்துக்குரியவருக்கு ஹெக்டேர் கணக்கில் இழப்பீடு உண்டு. அந்த வயலில் நாற்று நட்டுக் களை பறித்து, அறுப்புக் கூலியை நம்பியிருந்த நிலமற்றவளுக்கு எந்தக் கணக்கில் இழப்பீடு?

டிசம்பர் முதல் தேதி இரவில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் திறந்து விடப்பட்டது. எச்சரித்துத்தான் திறந்தோம் என்றது சர்க்கார். சொல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். நாம் கேட்பது வேறு: அந்த எச்சரிக்கை ஆற்றோரச் சேரிக்குத் தமுக்கடித்துப் போய்ச் சேர்ந்ததா, அல்லது அதிகாரிகளின் தொலைபேசியோடு நின்றதா? 2015-இல் ஒரு கட்சியின் ஆட்சி. 2023-இலும் 2024-இலும் வேறொரு கட்சியின் ஆட்சி. தண்ணீர் மட்டும் அதே ஏழையின் வீட்டில்தான் புகுந்தது.

சென்னைக்கு உழைப்பு, வடிகாலுக்கு யார்?

2011-இல் சென்னை மாநகராட்சி விரிந்த போது அம்பத்தூரும் போரூரும் அதில் சேர்ந்தன. மாங்காடு வெளியே நின்றது, 2021-இல் நகராட்சியாயிற்று. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது; 600 சதுர அடிக்குட்பட்ட சிறு வீட்டுக்கே 25 சதவிகிதம். ஆனால் தண்ணீருக்கு மாநகராட்சி, நகராட்சி என்ற எல்லை தெரியாது. மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் பேசினால் அது மாங்காட்டுக்கு உரியதல்ல. நம்முடையது காஞ்சிபுரம் மாவட்டம். அவசர எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மின்சாரப் புகாருக்கு 94987 94987. இவற்றைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். மழை பெய்யும் ராத்திரியில் எந்த ஆபீசின் எல்லை எது என்று தேடிக் கொண்டிருக்க முடியாது.

"நகராட்சியிடம் பணம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். ஒரு லட்சம் குடும்பத்துக்கு 6,000 வீதம் கொடுத்தால் 60 கோடி ரூபாய். வெள்ளம் வந்த பிறகு கொடுக்கக் கிடைக்கிற பணம், வருவதற்கு முன் வாய்க்காலை வெட்டக் கிடைக்காதா? மின்பெட்டியை ஒரு முழம் உயர்த்திக் கட்டக் கிடைக்காதா? நிவாரணத்தை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பிச்சையல்ல, நம் உரிமை. ஆனால் நிவாரணத்தைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதை ஒப்ப மாட்டோம்.

சென்னை வெள்ளத்தைப் பற்றி ஆராய 2021-இல் ஓய்வு பெற்ற அதிகாரி திருப்புகழ் தலைமையில் சர்க்கார் அமைத்த குழு 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. அறிக்கை கொடுப்பதற்கும் மண்வெட்டி எடுப்பதற்கும் இடையேதான் ஜனங்கள் மூழ்குகிறார்கள்.

ஆகவே கேட்போம்

நகர்ப்புறங்களில் பகுதி சபை என்று ஓர் ஏற்பாடு சட்டத்தில் வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தில், தமிழகமெங்கும் அது கூட்டப்பட்டது. மழை நடுவில் கூடிப் போட்டோ எடுத்துக் கலைவதற்கா அது? மழைக்கு முன்னதாக, செப்டம்பரிலேயே கூட்டச் சொல்லுங்கள். கூடும் இடத்தில் வார்டு பிரதிநிதியின் முன் இந்தக் கோரிக்கைகளை மகஜராக வையுங்கள்:

1. வார்டிலுள்ள ஒவ்வொரு வடிகாலும் வாய்க்காலும் தூர் வாரப்பட்ட தேதி, செலவு, கான்ட்ராக்டர் பெயர் ஆகியவற்றை ரேஷன் கடை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

2. தாழ்ந்த மின்பெட்டிகள், பழுதான கம்பங்கள், மூடியில்லாத பள்ளங்கள் ஆகியவற்றை ஜனங்களோடு தெருத் தெருவாக நடந்து கணக்கெடுத்து, அக்டோபருக்குள் சரி செய்ய வேண்டும்.

3. தங்குமிடமாகும் பள்ளிக்கூடம் எது, சாவி யாரிடம், படகும் பாலும் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

4. சிவப்பு எச்சரிக்கை நாளில் ஆலை, கான்ட்ராக்ட், கட்டடத் தொழிலாளருக்குக் கூலி உத்தரவாதம் வேண்டும். அந்நாட்களில் வேலைக்கு அழைக்கப்படும் தூய்மைப் பணியாளருக்கும் மின் ஊழியருக்கும் ரப்பர் பூட்சும் கையுறையும் இரட்டைக் கூலியும் வேண்டும்.

5. நிவாரணத்தில் நகரம், கிராமம் என்ற பேதம் கூடாது. நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கு இழந்த வேலைநாட்களுக்கு இழப்பீடு வேண்டும்.

6. மாற்றிடம் அதே வட்டாரத்தில் தராமல் ஒரு குடிசையையும் தொடக் கூடாது. ஏரியை விற்றவனையும் விற்க அனுமதித்தவனையும் முதலில் தொட வேண்டும்.

ஆறு கோரிக்கைகளில் முதல் மூன்றுக்குக் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர் நகராட்சி ஆபீசிலேயே தொடங்கிவிடலாம். பின் மூன்றுக்குப் பெரிய போராட்டம் வேண்டும். ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் ஒரே மகஜரில் கையெழுத்திட வேண்டும்.

தோழர்களே! அடுத்த நோட்டீஸ் உங்கள் கைக்கு வரும்போது கசக்கி எறிந்து விடாதீர்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நகராட்சி செய்ய வேண்டியதை அந்தப் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். தெருவிலுள்ள அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். முதல் தூறல் விழுவதற்குள் அதை அனுப்பியவரிடமே கொண்டு போய்க் கொடுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்!